வயிறு நிறைகிறது, ஆனாலும் பிள்ளை தேறவில்லை: ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். ஏழைக் குடும்பங்களே அதிகம் உள்ள ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறீர்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். மதியமும் இரவும் வயிறு நிறையச் சாப்பிடுவதாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் வயசுக்கேற்ற வளர்த்தி இல்லை, அடிக்கடி காய்ச்சல், சளி, பதினோரு மணிக்கெல்லாம் தலை மேசையில் சாய்ந்துவிடுகிறது. பெற்றோரைக் கூப்பிட்டுச் சத்தான சாப்பாட்டைப் பற்றிப் பேசியும் ஒன்றும் மாறவில்லை. இவர்களுக்கு எதுதான் குறைகிறது, ஓர் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? இதுதானே கேள்வி.

பள்ளிப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வயிறு நிறைகிறது என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. வயிறு நிறைவது வேறு, உடம்பு நிறைவது வேறு. இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குறைவது தானியத்தின் அளவு இல்லை. தானியத்துக்குத் துணையாகத் தட்டில் வர வேண்டியவைதான் வராமல் இருக்கின்றன. இன்னொன்று, சாப்பாடு வரும் நேரம். இந்த இரண்டையும் பேசிப் பேசி மாற்ற முடியாது. தட்டில் ஏதாவது வந்து விழுந்தால்தான் மாறும்.

ஏழை வீட்டுத் தட்டு எந்த நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் மலை போல ஒரு தானியம் அல்லது கிழங்கு. ஓரத்தில் தொட்டுக்கொள்ள உப்பும் காரமுமாக ஏதோ ஒன்று, தண்ணீராக ஒரு குழம்பு. அவ்வளவுதான். குறைந்த காசில் அதிகம் பேருடைய பசியை அடக்குவது தானியம்தான் என்பதால் அது அப்படி அமைந்துவிடுகிறது. அதில் மாவுச்சத்து இருக்கிறது, ஓரளவு புரதமும் இருக்கிறது. ஆனால் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத லைசின் என்ற புரதக்கூறு தானியத்தில் குறைவு. அது பருப்பிலும் பயறிலும் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற இன்னொரு புரதக்கூறு தானியத்தில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. தானியத்தோடு பருப்பைச் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் உலகத்தின் எத்தனையோ மூலைகளில் தனித்தனியாகவே வந்திருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கையில் காசு குறையும்போது பருப்புக் குழம்பில் பருப்பு குறைந்துகொண்டே போகும். கடைசியில் பெயர் மட்டும் பருப்புக் குழம்பாக நிற்கும்.

அப்புறம் கொழுப்பு. எண்ணெய் என்றாலே கெடுதல் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகப் படலாம். சிறு பிள்ளையின் வயிறு சின்னது. வேகவைத்த தானியத்தில் முக்கால்வாசி தண்ணீர். இரண்டாவது கரண்டியிலேயே வயிறு முட்டிவிடும், ஆனால் அன்றைக்குத் தேவையான சக்தி உள்ளே போயிருக்காது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு சிறு கரண்டி எண்ணெய் தட்டின் கனத்தைக் கூட்டாமலே சக்தியைக் கூட்டும். கீரையிலும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். எண்ணெயே படாமல் அவித்த கீரையைக் கொடுத்துவிட்டு, கீரை கொடுத்தோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இதையெல்லாம் விட அதிகமாக நான் கவலைப்படுவது இரும்புச்சத்தைப் பற்றி. ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வயசுப் பெண். வகுப்பில் சாக்பீஸ் காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது, அவள்தான் திருடுகிறாள் என்று புகார். பையைத் திறந்து பார்த்தால் துண்டுத் துண்டாகச் சாக்பீஸ், ஒவ்வொன்றின் முனையிலும் பல் பட்ட தடம். பக்கத்தில் ஒரு காகிதத்தில் மடித்த களிமண் கட்டி. என்னம்மா இது என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துப் போய், வெள்ளைத் துணியில் லேசாக ரோஜா நிறம் பட்டது போல இருந்தது. நகமும் அப்படித்தான். மண்ணும் சாக்பீஸும் தின்னத் தோன்றுவது இரத்தசோகையோடு சேர்ந்து வரும் அறிகுறி. வீட்டில் அடியும், பள்ளியில் திருட்டுப் பட்டமும் வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும்தான். சில மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு சாக்பீஸ் ஆசை தானாகப் போய்விட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி, இரத்தத்தில் 11.5 கிராமும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமும் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இரத்தசோகை. ஆனால் எண் குறைவதற்கு முன்பே, உடம்பில் இருப்பு வைத்திருக்கும் இரும்பு தீர்ந்துவிடும். பிள்ளை சோம்பேறி, மந்தம், விளையாடக்கூட வரமாட்டான் என்று நாம் முத்திரை குத்துவது பல நேரம் இந்தக் கட்டத்தில்தான். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தம் போவதால் தேவை இன்னும் அதிகம். பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவதும் அவர்கள்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். முட்டை கொடுத்தால் இரத்தம் ஊறும் என்று பலர் நம்புகிறார்கள். முட்டை மிக நல்ல உணவு, சந்தேகமே இல்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உயர்ந்த தரப் புரதம், வைட்டமின் ஏ, பி12 எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதில் இருக்கும் இரும்பு உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. பாலிலும் இரும்பு இல்லாத குறைதான். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். பயறு, கீரை, தானியத்தில் உள்ளது கொஞ்சம்தான் சேரும். அந்தக் கொஞ்சத்தை அதிகமாக்க ஒரு வழி உண்டு. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா மாதிரி புளிப்பும் வைட்டமின் சி-யும் உள்ள ஏதாவது ஒன்று சேர வேண்டும். பயறை ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது மூன்றுமே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட்டைக் குறைக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இத்தனை பாடும் வீண். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைச் சேரவிடாது. காலை ஆகாரமே ஒரு டம்ளர் கடும் டீ என்றிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வகுப்பில் எண்ணிப் பாருங்கள்.

தட்டில் துணை உணவு சேர்ந்தால் பிள்ளை மாறுமா என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஆய்வு கென்யாவில் நடந்தது. எம்பு மாவட்டத்தில் 12 கிராமத் தொடக்கப் பள்ளிகள். 1998-இல் தொடங்கி சுமார் இரண்டு வருடம், மருத்துவர் சார்லட் நியூமன் குழுவினர் நடத்தினார்கள். மக்காச்சோளமும் பயறும் கீரையும் சேர்த்து வேகவைத்த, அந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் சாப்பிடும் உணவுதான் அடிப்படை. ஒரு குழுவுக்கு அதில் இறைச்சி, இன்னொரு குழுவுக்கு அதோடு பால், மூன்றாவது குழுவுக்கு எண்ணெய் மட்டும். நான்காவது குழுவுக்குப் பள்ளியில் உணவில்லை, ஆய்வு முடிந்ததும் அந்தக் குடும்பங்களுக்கு வேறு உதவி கிடைத்தது. மூன்று உணவுகளிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இறைச்சி சாப்பிட்ட பிள்ளைகள் வடிவங்களைப் பார்த்து யோசிக்கும் ராவன் தேர்வில் மற்ற எல்லாரையும் விட அதிகம் முன்னேறினார்கள். விளையாட்டுத் திடலில் அதிகம் ஓடியாடியவர்களும் மற்றவர்களைக் கூட்டி விளையாட்டைத் தொடங்கியவர்களும் அவர்களே. வளர்த்தி குன்றியிருந்த பிள்ளைகள் சற்று உயரமானது பால் குழுவில். கலோரி ஒன்றாக இருந்தும் பலன் வேறு வேறு. இறைச்சி சாப்பிடாத, வாங்க முடியாத வீடுகள் நிறைய இருக்கும், அதனால் எல்லாப் பள்ளியும் இறைச்சி போடட்டும் என்று சொல்ல வரவில்லை. தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு எது இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அடுத்து காலை.

வீட்டில் காலையில் அடுப்பு எரியாததற்குக் காரணம் அம்மாவின் அலட்சியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விடிவதற்கு முன்னே கூலி வேலைக்குப் போக வேண்டும். தண்ணீர் எடுக்க வேண்டும், விறகு வேண்டும். இரவில் மீந்தது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிள்ளை இருட்டும் முன் சாப்பிட்டுத் தூங்கியிருக்கும். மறுநாள் மதியம் வரை கணக்குப் போட்டால் 16, 17 மணி நேரம் வெறும் வயிறு. பெரியவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளால் முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஐந்து வயதை ஒட்டிய பிள்ளையின் உடம்புக்கு ஒரு நாளில் தேவைப்படும் சக்தியில் 100-க்கு 43 பங்கு மூளைக்கே போகிறது. பெரியவர்களுக்கு அது இதில் பாதிகூட வராது. ஈரலில் சேமித்து வைக்கும் சர்க்கரையோ பிள்ளைகளுக்குக் குறைவு. இரவோடு இரவாக அது தீர்ந்துவிடும். பதினோரு மணிக்குச் சாயும் தலையில் இத்தனையும் இருக்கிறது.

ஜமைக்காவில் 16 கிராமப்புறப் பள்ளிகளில் 800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 1998-இல் முடிவு வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்கப் பள்ளியில் காலை உணவு. மீதிப் பாதிக்குக் கால் ஆரஞ்சுப் பழம், அவர்கள்மீதும் அதே கவனம் இருக்க வேண்டுமே என்பதற்காக. காலை உணவு சாப்பிட்டவர்களின் வருகை கூடியது, எடையும் உயரமும் கொஞ்சம் கூடின, சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். அதே நாட்டில் முன்பு நடந்த இன்னொரு சிறிய ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நல்ல வசதியும் ஒழுங்கும் உள்ள பள்ளியில் காலை உணவு சாப்பிட்ட பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாகக் கவனம் வைத்தார்கள். வசதியில்லாத, நெருக்கியடித்த வகுப்புகளில் அதே உணவைச் சாப்பிட்டவர்கள் கூடுதலாகப் பேசிச் சத்தம் போட்டார்கள். உணவு தெம்பு கொடுக்கும். அந்தத் தெம்பு எங்கே போகும் என்பது வகுப்பறையைப் பொறுத்தது. ஆகவே காலையில் ஏதாவது கொடுக்க ஏற்பாடானால், முதல் பாடவேளையைக் கணக்குக்கோ வாசிப்புக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பெரிய சமையல் வேண்டியதில்லை. வறுத்து அரைத்த தானிய மாவும் பயறு மாவும் கலந்து கஞ்சியாகக் காய்ச்சினால் போதும், நூறு பேருக்கு ஒரு பெரிய பாத்திரமும் ஓர் ஆளும் போதும். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி கிடைத்தால்கூட அது ஒரு தொடக்கம். அதில் கொழுப்பும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம், முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோரிடம் பேசியும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் பல வருடம் அந்தப் பேச்சைப் பேசியிருக்கிறேன். படம் காட்டினேன், அட்டவணை கொடுத்தேன். ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “நீங்க சொல்றதெல்லாம் எங்களுக்கும் தெரியும் சார், வாங்கத்தான் முடியல” என்றார். அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். பழம் நல்லது, பால் நல்லது என்பது எந்த அம்மாவுக்கும் தெரியாத விஷயமில்லை. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் என்ன மிச்சமிருக்கிறது, கூலி என்றைக்குக் கைக்கு வரும், கடையில் எதைக் கடனாகத் தருவார்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுப்பில் என்ன ஏறும் என்பது முடிவாகிறது. அந்த நிலையில் அறிவுரை சொன்னால் கேட்பவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். பெற்றோரிடம் பேசுவதானால், காசில்லாமல் மாற்றக்கூடியவற்றை மட்டும் பேசுங்கள். டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுப்பது, பயறை இரவே ஊறப்போடுவது, உப்பைக் கடைசியில் போடுவது, இப்படி.

பாக்கெட் தின்பண்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாலுக்குக் காசில்லாத வீட்டில் பாக்கெட்டுக்கு எப்படிக் காசு வருகிறது என்பது உங்கள் சந்தேகம். பாலும் பழமும் தினமும் வாங்க வேண்டிய பெரிய செலவு. பாக்கெட் என்பது கையில் கிடைத்த சில்லறை. வேலைக்குப் போகிற அவசரத்தில், அழுகிற பிள்ளையின் கையில் திணிக்க முடிந்த ஒரே சந்தோஷம். கெட்டுப்போகாது, அடுப்பு வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் தின்பதை நம் பிள்ளையும் தின்றது என்ற திருப்தி வேறு. அதில் இருப்பது மாவும் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும்தான். பசியைக் கொல்லும், அதனால் பக்கத்தில் சத்துள்ள சாப்பாடு இருந்தாலும் அதற்கு இடமில்லாமல் போய்விடும். பள்ளி வாசலிலிருந்து அதை விலக்கி வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டு வேறெதுவும் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை. ஆசிரியரும் பிள்ளைகள் முன்னால் அதைப் பிரிக்கக் கூடாது.

இனி நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் ஐந்து பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு நேற்றைய சாப்பாட்டைக் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள், இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வெட்கம். நேற்றுக் காலை எழுந்ததும் என்ன செய்தாய், அடுப்பை யார் பற்றவைத்தார்கள், யார் யார் சேர்ந்து உட்கார்ந்தீர்கள், உன் தட்டில் முதலில் எதைத் தின்றாய் என்று கதை கேட்பது போலக் கேட்டால் உள்ளது உள்ளபடி வரும். தானியம், பருப்பு, கீரை, மற்ற காய், பழம், பால், முட்டை, மீன் அல்லது இறைச்சி, எண்ணெய் என்று கட்டம் போட்டு, வந்ததற்கு மட்டும் ஒரு கோடு இழுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே எந்தக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை தானியக் கட்டம் நிறைந்திருக்கும். பழமும் பாலும் முட்டையும் வெறிச்சோடிக் கிடக்கும். பள்ளிச் சமையலில் எதைச் சேர்க்கச் சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

பள்ளியில் மதிய உணவு உண்டு என்றால் பரிமாறும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். குழம்பில் பருப்பு அடியில் தங்கும். கிளறாமல் மேலாக ஊற்றினால் வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்குத் தண்ணீர், கடைசியில் வருபவர்களுக்குப் பருப்பு. சில இடங்களில் அடியில் இருப்பது வேண்டியவர்களுக்கென்று ஒதுக்கப்படும். முட்டை கொடுக்கும் நாளில் ஒரு பையனைப் பார்த்தேன். வெள்ளைக் கருவை மட்டும் தின்றான், மஞ்சள் கருவைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிடிக்காதோ என்று நினைத்தேன். வீட்டில் இரண்டு வயசுத் தங்கை. அது அவளுக்கு. அந்தப் பிள்ளையை நான் எப்படித் திட்டுவேன்? இங்கேயே சாப்பிடு என்று கட்டாயப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தத் தங்கையின் பெயரை எழுதிக்கொண்டு போய் ஊர்ச் சுகாதார ஊழியரிடம் கொடுக்க முடிந்தது. வளர்த்தியில் பெரிய இழப்பு நடப்பது கருவில் தொடங்கி இரண்டு வயது வரையுள்ள ஆயிரம் நாளில்தான். பள்ளிக்கு வரும் வயதில் அந்த இழப்பை முழுக்க ஈடுகட்ட முடியாது. அதற்காகக் கைவிட வேண்டியதும் இல்லை. பருவ வயதில் உடம்பு இன்னொரு முறை வேகமாக வளரும், மூளையின் வளர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் தொடரும்.

எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் குடலில் புழு இருந்தால் அதில் பங்கு போய்விடும். கொக்கிப்புழு ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு வகையைப் பொறுத்து அரைச் சொட்டிலிருந்து மூன்று நான்கு சொட்டு வரை இரத்தத்தை வெளியேற்றும். நூறு புழு இருந்தால் கணக்கு என்னாகும் என்று பாருங்கள். அது மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாகவே உள்ளே போகும். குடற்புழு பரவலாக உள்ள இடங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு முறையும், மிக அதிகமாக உள்ள இடங்களில் இரண்டு முறையும் அல்பெண்டசோல் அல்லது மெபெண்டசோல் ஒரே மாத்திரையாகக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைச் சுகாதாரத் துறையினர் மூலம் செய்யுங்கள், இரும்புச்சத்து மாத்திரையையும் அப்படியே. நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். கால் செருப்பு, கழிப்பறை, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு வாளித் தண்ணீர் இவையும் சத்துணவுக் கணக்கில்தான் சேரும்.

இன்னும் சில கவனிப்புகள். மாலை மங்கினால் தட்டுத் தடுமாறும் பிள்ளைக்கு வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். உதட்டோரம் வெடித்து ஆறாமல் இருந்தால் பி வைட்டமின் குறைவாக இருக்கலாம். கழுத்தின் முன்பக்கம் வீங்கித் தெரிந்தால் அயோடின் குறைவாக இருக்கலாம். மூன்றையும் நீங்கள் வகுப்பறையிலேயே கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்பலாம். சமையலுக்கு அயோடின் உப்புதான் வாங்க வேண்டும், அதை மூடி வைத்து, இறக்கும்போது போட வேண்டும், ஏனென்றால் ஈரத்திலும் கொதியிலும் அயோடின் குறைந்துபோகும்.

சமையலறையின் பாதுகாப்பை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. 2013 ஜூலையில் பிகாரின் சாரன் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. விவசாய ஊர்களில் பூச்சிமருந்து டப்பா கழுவப்பட்டு எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பயன்படுவது சாதாரணமாக நடக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது பூச்சிமருந்து டப்பாதான். பள்ளி எண்ணெய் எதில் வருகிறது, எங்கே இருக்கிறது, பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்று வாரம் ஒரு முறை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் போடும் முன் பெரியவர் ஒருவர் ருசி பார்த்துச் சிறிது நேரம் பொறுத்திருக்க வேண்டும். வாடை மாறியிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அடம் என்று நினைக்காமல் அந்த நிமிடமே பரிமாறுவதை நிறுத்துங்கள்.

பள்ளித் தோட்டம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள், ஆனால் அதிலிருந்து நூறு பேருக்குக் காய் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கீரையை ஆசையாகச் சாப்பிடுவார்கள், அதுதான் பெரிய லாபம். அளவுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். பிரேசிலில் 2009-இல் வந்த சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்கியாக வேண்டும் என்றது. பள்ளிக்குப் புதுக் காய்கறி, ஊர் விவசாயிக்கு நிச்சயமான வியாபாரம். அந்த விவசாயியின் பிள்ளையும் அதே பள்ளியில்தான் சாப்பிடுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் உங்கள் ஊரில் காய் விளைவிக்கும் இரண்டு மூன்று பேரிடம் வாரம் இவ்வளவு என்று பேசிவைக்க முடியுமா என்று பாருங்கள்.

கடைசியாக விடுமுறை. 1907-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் ரால்ஃப் குரோலி என்ற பள்ளி மருத்துவர் சுமார் 40 ஏழைப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை காலையும் மதியமும் உணவு கொடுத்து எடையைக் குறித்துக்கொண்டே வந்தார். எடை ஏறிக்கொண்டே போனது. நடுவில் விடுமுறை வந்தது, உணவு நின்றது, எடைக் கோடு அப்படியே கீழே சரிந்தது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது. நூறு வருடத்துக்கு மேலாகியும் இது மாறவில்லை. பள்ளியில் மட்டுமே ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்குச் சனி, ஞாயிறும் நீண்ட விடுமுறையும் பசிக் காலம்தான். திங்கட்கிழமை காலையில் யார் யார் சோர்ந்து வருகிறார்கள் என்று பாருங்கள், உங்களுக்கே தெரியும். அடுத்த நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் எல்லாரையும் எடை போட்டு எழுதி வையுங்கள். பள்ளி திறக்கும் முதல் நாள் அதே தராசில், அதே மாதிரி உடையில் மறுபடி போடுங்கள். குறைந்தவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதி, விடுமுறையிலும் சமையலறை திறந்திருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.